புதிய லேப்டாப்பை இப்போதே வாங்குவதா, இன்னும் பொறுப்பதா?

கேள்வி: என் லேப்டாப் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மிகவும் மெதுவாக ஓடுகிறது. இப்போதே புதிதாக வாங்கலாமா, அடுத்த தலைமுறை பிராசசர் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: இதே கேள்வியோடு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தவன் நான். 2023 டிசம்பரில் இன்டெல்லின் கோர் அல்ட்ரா பிராசசர் வரிசை வந்தது. வாங்கிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட், செயற்கை நுண்ணறிவு வேலைகளைக் கணினிக்குள்ளேயே செய்யும் கோபைலட் பிளஸ் கணினிகளை அறிவித்தது. சரி, பொறுப்போம் என்றிருந்தேன். செப்டம்பரில் கோர் அல்ட்ராவின் அடுத்த தலைமுறை வந்தது. ஒன்று கடைக்கு வரும் முன்பே அடுத்ததைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். இந்த வரிசைக்கு முடிவே கிடையாது.

அந்த நவம்பரில் என் பழைய லேப்டாப்பின் டச்பேடில் இடது ஓரத்தை அழுத்தினால் உள்ளே இறங்கவில்லை. தூசு அடைத்திருக்கும் என்று துடைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மேசையில் வைத்த லேப்டாப் ஆடுகிறது. அடிப்பலகைக்கும் மேற்பலகைக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பழுதுபார்ப்பவர் திருகுகளைக் கழற்றியதும் அடிப்பலகை தானாகவே மேலெழும்பியது. உள்ளே பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி கெடும்போது உள்ளே வாயு சேர்ந்து இப்படி உப்பும். அதில் குத்துப்பட்டாலோ, தொடர்ந்து சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கலாம். உங்கள் லேப்டாப்பில் இப்படி ஏதாவது தென்பட்டால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப் திணறும் அந்த நேரத்திலேயே எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, சிபியு, அதாவது பிராசசர், உச்சத்தில் நிற்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டாலே வேறு லேப்டாப்போ என்று நினைப்பீர்கள். மெமரிதான் போதவில்லை என்றால், ரேம் பொருத்தும் இடம் இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் செய்திருப்பார்கள். அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை. சிபியுதான் எப்போதும் உச்சத்தில் நிற்கிறது, அப்படி நிற்கவைப்பது உங்கள் அன்றாட வேலையேதான் என்றால், வாங்கும் நேரம் வந்துவிட்டது.

விண்டோஸ் 10 இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். ஆறு வயது லேப்டாப் பெரும்பாலும் தேறிவிடும்.

பொறுத்தால் விலை இறங்கும் என்ற பழைய கணக்கை மட்டும் நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் ரேம் விலை ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், நுகர்வோருக்கான அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. ரேம் விலை ஏறினால் லேப்டாப் விலையும் கூடவே ஏறத்தான் செய்யும்.

பொறுப்பதற்கு நியாயமான காரணங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. நீங்கள் குறிவைத்திருக்கும் மாடலின் அடுத்த பதிப்பு, விற்பனைத் தேதியோடு அறிவிக்கப்பட்டு, சில வாரங்களில் வரப்போகிறது. பழையதைக் குறைத்து விற்பார்கள். அல்லது, வாங்குவதற்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, பழையதோ இன்னும் வேலை செய்கிறது.

வாங்குவதென்றால், பிராசசரில் ஒரு படி இறங்கி ரேமில் ஒரு படி ஏறுங்கள். சால்டர் செய்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். பின்னால் கூட்ட முடியாது. நான் கடைசியில் வாங்கியது முந்தைய தலைமுறை பிராசசர்தான். அதில் எனக்கு இதுவரை ஒரு குறையும் தெரியவில்லை. உப்பிய பேட்டரியோடு அவசர அவசரமாகக் கோப்புகளை நகலெடுத்த அந்த இரண்டு நாள்தான் இன்னும் மறக்கவில்லை. எந்த முடிவுக்கு வந்தாலும் அந்த நகலை இன்றே எடுத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் எது உச்சத்தில் நிற்கிறது என்பதையும் மாடல் எண்ணையும் எழுதினால், ரேம் கூட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.