சர்வர்களைத் தானாக நிறுவுவதற்கு எந்த நெட்வொர்க் பூட்லோடரைத் தேர்ந்தெடுப்பது?

பழையதும் புதியதுமாகக் கலந்த சர்வர்கள், பெங்களூரில் பாதியும் மும்பை டேட்டா சென்டரில் பாதியுமாக இருக்கின்றன. பென் டிரைவுடன் ஒவ்வொரு ரேக்காகப் போய் லினக்ஸ் நிறுவும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். நெட்வொர்க் வழியாக இயந்திரத்தைத் தொடக்கி நிறுவலை ஆரம்பித்துவைக்கும் பூட்லோடர்களான பிஎக்ஸ்இலினக்ஸ், கிரப், ஐபிஎக்ஸ்இ ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்துவைக்க உங்கள் பாதுகாப்புப் பிரிவு சம்மதித்தால் ஐபிஎக்ஸ்இ. சம்மதிக்காவிட்டால் உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வெளியீடு) கையொப்பமிட்டுத் தரும் ஷிம்மும் (கிரப்புக்கு முன் ஓடி அதைச் சரிபார்க்கும் சிறு நிரல்) கிரப்பும். புதிதாகத் தொடங்கும் அமைப்புக்கு பிஎக்ஸ்இலினக்ஸ் வேண்டாம்.

நெட்வொர்க் பூட்டுக்காக இன்டெல் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறைதான் இன்றைக்கும் அடிப்படை. சர்வரின் ஃபெர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) நெட்வொர்க் முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபியிடம் ஐபி முகவரி கேட்கிறது. அதனுடன் எந்த சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற விவரமும் வருகிறது. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இறக்கி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தக் கோப்புதான் பூட்லோடர். அதற்குப் பிறகு லினக்ஸின் மையமான கெர்னலையும், தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றும் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியையும் எந்த வழியில் கொண்டுவருவது, எந்த இயந்திரத்துக்கு எதைத் தருவது என்பதெல்லாம் பூட்லோடரின் திறமையைப் பொறுத்தவை.

எந்த வழியில் கொண்டுவருவது என்பதை உங்களைப் போல இரண்டு நகரங்களில் சர்வர் வைத்திருப்பவர்கள் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பி, அது கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். 1992இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1350 படி ஒரு துண்டு 512 பைட். பெங்களூரில் இருக்கும் பூட் சர்வருக்கும் மும்பை ரேக்குக்கும் இடையே போய்வர 20 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பி அளவுள்ள இனிட்ஆர்டியில் ஏறத்தாழ 2 லட்சம் துண்டுகள் இருக்கும்; இணைப்பின் வேகம் 10 ஜிகாபிட்டாகவே இருந்தாலும் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். துண்டின் அளவை 1,468 பைட்டாக உயர்த்தினாலும் இருபது நிமிடத்துக்குக் கீழே வராது. ஒரே நேரத்தில் பல துண்டுகளை அனுப்பும் வசதி 2015இல் ஆர்எஃப்சி 7440 மூலம் வந்தது என்றாலும், அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் அதை ஆதரித்தால்தான் பயன். ஹெச்டிடிபியில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே டிஎஃப்டிபி சுமக்க வேண்டியது சில நூறு கிலோபைட்டிலிருந்து ஓரிரு எம்பி வரையுள்ள பூட்லோடரை மட்டுமே. மற்ற அனைத்தும் ஹெச்டிடிபியில் வர வேண்டும்.

ஐபிஎக்ஸ்இ இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. கெர்னலையும் இனிட்ஆர்டியையும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் இரண்டிலும் எடுக்கும். நெட்வொர்க் வழியாக இணைக்கும் ஐஸ்கஸி வட்டிலிருந்தும் பூட் செய்யும். பழைய வகை ஃபெர்ம்வேரான பயாஸ் உள்ள இயந்திரங்களுக்கு ஒரு கோப்பு, புதிய வகையான யுஇஎஃப்ஐ உள்ள இயந்திரங்களுக்கு இன்னொரு கோப்பு என்று இரண்டை வைத்துவிட்டால், டிஹெச்சிபி கோரிக்கையில் இயந்திர வகையைச் சொல்லும் 93ஆம் ஆப்ஷனைப் பார்த்து, டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் கவனிக்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலே சரியானதைத் தந்துவிடும். பயாஸ் என்றால் அதில் 0 இருக்கும், 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7 இருக்கும். ஏற்றப்பட்ட ஐபிஎக்ஸ்இ மீண்டும் ஒருமுறை டிஹெச்சிபி கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. அப்போதும் அதே கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது தன்னையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது கோரிக்கையில் அது தன் பெயரைப் 'பயனர் வகுப்பு' என்ற புலத்தில் அனுப்புகிறது. அதை அடையாளம் கண்டு, அப்போது மட்டும், அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்ட்டின் ஹெச்டிடிபி முகவரியைக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஸ்கிரிப்ட்தான். இயந்திரத்தின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்), யுயுஐடி (இயந்திரத்தின் தனி அடையாள எண்), சீரியல் எண் ஆகியவற்றை அந்த ஹெச்டிடிபி முகவரியுடன் சேர்த்து உங்கள் வெப் சர்வருக்கு அனுப்பலாம். அங்கே இருக்கும் சிறிய நிரல் தரவுத்தளத்தைப் பார்த்து, அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டுமான ஸ்கிரிப்ட்டைத் திருப்பி அனுப்பும். முடிவெடுக்கும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. பூட்லோடர் கேட்டு நடப்பதோடு சரி. பிஎக்ஸ்இலினக்ஸில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மேக் முகவரியின் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, வேலை முடிந்ததும் நீக்கிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட எந்தக் கோப்பு பழையது, எது நடப்பில் உள்ளது என்றே தெரியாமல் போய்விடும். தவிரவும், அதன் தாய்த் திட்டமான சிஸ்லினக்ஸின் கடைசி நிலையான பதிப்பான 6.03 வந்தது 2014இல். அது இன்டெல், ஏஎம்டி சிப்களின் எக்ஸ்86 வகை அல்லாத வேறு எதிலும் ஓடாது. ஆர்ம் சர்வர் ஒன்று வாங்கினால் அத்துடன் முடிந்தது.

இனி செக்யூர் பூட். நீங்களே தொகுத்த ஐபிஎக்ஸ்இயில் ஃபெர்ம்வேர் நம்பும் கையொப்பம் இருக்காது. உங்கள் சொந்தச் சாவியை எல்லா சர்வர்களின் ஃபெர்ம்வேரிலும் பதித்து, அதனால் கையொப்பமிடலாம். ஆனால் அந்தச் சாவியைப் பாதுகாக்கவும் மாற்றவும் ஆள் வேண்டும். சிறிய குழுவுக்கு அது பெரிய பாரம் என்பதால், அங்கே டிஸ்ட்ரோவின் ஷிம்மையும் கிரப்பையும் எடுப்பதே நல்லது. இதில் ஒரு நெருக்கடி இருக்கிறது: உபுண்டுவின் ஷிம் உபுண்டுவின் கெர்னலை மட்டுமே நம்பும், அதே சங்கிலியில் ரெட் ஹாட் கெர்னலைக் கொடுத்தால் மறுத்துவிடும். இரண்டு டிஸ்ட்ரோக்களும் தேவையென்றால் இரண்டு ஷிம், இரண்டு கிரப் வைத்து, எந்த இயந்திரத்துக்கு எது என்பதை டிஹெச்சிபி நிலையிலேயே தீர்மானிக்க வேண்டும். கிரப் ஹெச்டிடிபியில் கோப்பு எடுக்கும் என்பதால் மும்பைப் பிரச்சினை அதிலும் தீர்கிறது; ஹெச்டிடிபிஎஸ்ஸை அது ஆதரிப்பதில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் பூட் சர்வரில் வைத்திருக்கும் கோப்புகளையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். 2020இல் கிரப்பில் கண்டுபிடிக்கப்பட்ட பூட்ஹோல் குறைபாட்டுக்குப் பிறகு பழைய கையொப்பக் கோப்புகள் பல தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன; ஹெச்டிடிபி பூட் தொடர்பாகவே ஷிம்மில் இருந்த ஒரு பெரிய ஓட்டை 2024இல் 15.8 பதிப்பில் அடைக்கப்பட்டது. சர்வரில் நிறுவிய பொதிகளை உபுண்டுவின் பொதி மேலாளரான ஏபிடி புதுப்பிக்கும். டிஎஃப்டிபி அடைவில் நீங்கள் கையால் நகலெடுத்து வைத்ததை எவரும் புதுப்பிக்கமாட்டார்கள்.

புதிய சர்வர்களில் யுஇஎஃப்ஐ ஹெச்டிடிபி பூட் வசதி இருக்கும். 2015இன் யுஇஎஃப்ஐ 2.5 வரையறையில் வந்தது. ஃபெர்ம்வேரே பூட்லோடரை ஹெச்டிடிபியில் எடுத்துக்கொள்வதால் டிஎஃப்டிபியை முழுமையாக விட்டுவிடலாம். 64 பிட் எக்ஸ்86 இயந்திரமென்றால் கோரிக்கையின் 93ஆம் ஆப்ஷனில் 16 வரும். பதிலில் கோப்பின் முழு முகவரியுடன், 60ஆம் ஆப்ஷனில் 'ஹெச்டிடிபிகிளையன்ட்' என்ற சரத்தையும் ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பினால்தான் ஃபெர்ம்வேர் ஏற்றுக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள். நெட்வொர்க்கில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ வழக்கமான அமைப்பில் இருந்தால் போர்ட் திறக்க 30 வினாடி ஆகும். அதற்குள் ஃபெர்ம்வேர் டிஹெச்சிபி கேட்டு அலுத்துவிடும். காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லுங்கள். பல கேபிள்களை ஒன்றாக்கும் எல்ஏசிபியில் கட்டிய இணைப்புகளில், அந்தக் கட்டு அமையாதபோதும் ஒரு கேபிளை இயங்கவிடும் ஃபால்பேக் வசதியும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள சர்வர் மறுதொடக்கத்தின்போது தானாகவே மறுபடி நிறுவப்பட்டு வட்டு அழிந்துபோவதைத்தான். எனவே அடையாளம் தெரியாத இயந்திரத்துக்கும், நிறுவல் கோரப்படாத இயந்திரத்துக்கும் உங்கள் நிரல் தர வேண்டிய பதில் உள்வட்டிலிருந்து பூட் செய் என்பதே. நிறுவல் முடியும் கட்டத்தில் ரெட் ஹாட்டின் தானியங்கி நிறுவல் முறையான கிக்ஸ்டார்ட்டோ, உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலோ உங்கள் சர்வருக்குத் தகவல் சொல்லி, அந்த அனுமதியை அணைத்துவிட வேண்டும். ஃபெர்ம்வேரின் பூட் வரிசையில் நெட்வொர்க்கை நிரந்தரமாக முதலில் வைக்காமல், சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் சிப்பான பிஎம்சி மூலம் ஐபிஎம்ஐ அல்லது ரெட்ஃபிஷ் கட்டளையால் ஒருமுறைக்கு மட்டும் நெட்வொர்க் பூட் கேட்பது இன்னும் பாதுகாப்பானது. நிறுவலுக்கான விலானையும் (ஸ்விட்ச்சில் பிரித்த உள்நெட்வொர்க்) தனியே பிரித்துவையுங்கள்: கிக்ஸ்டார்ட் கோப்பில் இருக்கும் கடவுச்சொல் ஹாஷை அந்த விலானில் உள்ள எவரும் கேட்டு வாங்க முடியும், ஃபெர்ம்வேரின் ஐபிவி6 நெட்வொர்க் அடுக்கில் பிக்ஸிஃபெயில் என்ற பெயரில் ஒன்பது குறைபாடுகள் 2024 ஜனவரியில் வெளியானதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாஸ், ஃபோர்மேன், டிங்கர்பெல் போன்ற ஆயத்தக் கருவிகளை எடுத்தால் பூட்லோடர் தேர்வில் பெரும்பகுதி அவற்றுடனேயே வந்துவிடும். டிங்கர்பெல் ஐபிஎக்ஸ்இயை நம்பியிருக்கிறது. மாஸ் யுஇஎஃப்ஐ இயந்திரங்களுக்கு ஷிம்மையும் கிரப்பையும் தருகிறது. ஃபோர்மேனில் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் அளவுக்கு டிஎன்எஸ்மாஸ்க், ஒரு என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், நூறு வரி பைத்தான் ஆகியவையே போதும் என்பது என் எண்ணம். முதலில் பெங்களூர் ரேக்கில் ஒரு பயாஸ் இயந்திரம், ஒரு யுஇஎஃப்ஐ இயந்திரம் என்று இரண்டை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். மும்பைக்குப் போகும்போது டிஎன்எஸ்மாஸ்க்கையும் என்ஜின்எக்ஸையும் அங்கேயே ஒரு சிறிய விஎம்மில் (மெய்நிகர் இயந்திரம்) வைத்து, ஸ்கிரிப்ட் தரும் நிரலை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.