தோள்ல இறுக்கம், சதை கெட்டுப்போச்சா?

கேள்வி: தாராவில 15 வருஷமா தையல் மெஷின்ல உக்காந்திருக்கேன் சார், கழுத்துலேருந்து தோள் வரைக்கும் ஒரே வலி, எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. சதை கெட்டுப்போச்சா?
- வாசகி, மும்பை

பதில்: பயப்படாதீங்கம்மா, எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். வலிக்கறது ட்ரபீசியஸ், அதாவது கழுத்துலேருந்து தோள் வரைக்கும் இருக்கற தசையா இருக்கும். இப்படி வலி உள்ளவங்க தசைய துளி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தப்போ சில நார்கள் தடிச்சு, அதுக்கேத்த ரத்தக்குழாய் இல்லாம இருந்துச்சு, நாருக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாலயும் கோளாறு, ஆனா வலியே இல்லாதவங்ககிட்டயும் அந்தக் கோளாறு கொஞ்சம் இருந்துச்சு. இந்த வலி ஏன் வருதுன்னு 1991ல ஹேக்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு கருத்து சொன்னார், கதைல ஓயாம வீட்டு வேலை செய்யற சிண்ட்ரெல்லா பேரையே அதுக்கு வச்சார்: துணிய லேசா புடிச்சிருந்தாலும் முதல்ல வேலைக்கு வந்து கடைசியா போற சின்ன நார்கள், லீவே கிடையாது (நம்ம வீட்டு மூத்த மருமக மாதிரி!). அடிக்கடி கைய மடில போட்டு தோள தொங்க விடுங்க, தண்ணி பாட்டில் தூக்கி தோளுக்கு பயிற்சி பண்ணுங்க. கை மரத்துப்போனா, பலம் குறைஞ்சா உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.