திருத்தச் சமிக்ஞைகள்: கேள்வி பதில்

கேள்வி: வேறோர் இடத்தில் உள்ள ஜிபிஎஸ் ரிசீவர் என் ரிசீவரின் இருப்பிடப் பிழையை எப்படிக் குறைக்கிறது?

பதில்: ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. கடப்பதால், செயற்கைக்கோள் கடிகாரத்தின் சிறு பிசகும் தூரக் கணக்கில் பெரிதாகத் தெரியும். சுற்றுப்பாதைக் கணிப்பின் பிழையும், அயனி மண்டலத்தில் சமிக்ஞை தாமதமாவதும் அதனுடன் சேர்கின்றன. அருகருகே உள்ள இரு ரிசீவர்களுக்கும் இவை ஏறத்தாழ ஒன்றே என்பதால், தன் இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த அடிநிலையம், அளந்த தூரத்துக்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அனுப்ப, நகரும் ரிசீவர் அதைக் கழித்துக்கொள்கிறது. இருவருக்கும் பொதுவான பிழை மட்டுமே இவ்வாறு நீங்கும்.

கேள்வி: உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஆர்டிகே (அடிநிலையத்தின் திருத்தத்தை உடனுக்குடன் பெற்று சென்டிமீட்டர் அளவில் இடம் காணும் முறை) தடுமாறுவது ஏன்?

பதில்: சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை உங்கள் ஆன்டெனாவுக்கு மட்டும் உரிய பிழை, அடிநிலையம் அதை அறியாது.

கேள்வி: சென்டிமீட்டர் துல்லியம் எங்கிருந்து வருகிறது?

பதில்: ஜிபிஎஸ்-இன் எல்1 சுமப்பலையின் (சமிக்ஞையைச் சுமந்து வரும் ரேடியோ அலையின்) நீளம் சுமார் 19 செ.மீ. அதன் கட்டத்தை, அதாவது ஓர் அலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை, மில்லிமீட்டர் அளவில் அளக்கலாம். ஆனால் செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையில் எத்தனை முழு அலைகள் உள்ளன என்பது முதலில் தெரியாது. அந்த முழு எண் உறுதியானால் ‘ஃபிக்ஸ்’, உறுதியாகாதவரை ‘ஃப்ளோட்’. தவறான எண்ணிலும் ஃபிக்ஸ் ஆகக்கூடும் என்பதால், முக்கியமான புள்ளியைச் சற்று நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: அடிநிலையத்தின் இருப்பிடத்தை அதுவே பத்து நிமிடம் சராசரி எடுக்கவிட்டுத் தொடங்குகிறேன். திரையில் 1 செ.மீ. என்று வருகிறது. போதாதா?

பதில்: போதாது. அந்த 1 செ.மீ. அடிநிலையத்திலிருந்து அளந்தது. அடிநிலையமே ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், உங்கள் புள்ளிகள் அனைத்தும் அதே ஒரு மீட்டர் தள்ளியிருக்கும்.

கேள்வி (அவரே): புள்ளிகளுக்கு இடையேயான தூரங்கள் சரியாகத்தானே உள்ளன?

பதில்: உண்மை, ஒரே நாளில் முடியும் வேலைக்கு உங்கள் முறை பொருந்தும். மறுநாள் மீண்டும் சராசரி எடுத்தால் வேறு ஆயம் (இருப்பிடத்தைக் குறிக்கும் எண்கள்) கிடைத்து, இரண்டு நாள் அளவைகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே அடிநிலையப் புள்ளியை நிலத்தில் நிலையாகக் குறித்து, சில மணி நேரம் பதிவு செய்து, பிபிபி முறையில் (அருகில் அடிநிலையம் இன்றி, செயற்கைக்கோள்களின் துல்லியமான சுற்றுப்பாதை, கடிகாரத் தரவுகளைக் கொண்டு இடம் காணும் முறை) அதன் ஆயத்தைப் பெறுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் ஆர்டிகே எதற்கு? ஐரோப்பாவின் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோ 2023 முதல் பிபிபி முறையிலான உயர்துல்லியச் சேவையை இலவசமாகத் தருகிறதே.

பதில்: அது குறிக்கோளாகக் கொண்டிருப்பது ஏறத்தாழ 20 செ.மீ. துல்லியம், அதை எட்டவும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஆர்டிகே சில விநாடிகளில் சென்டிமீட்டர் தரும். அடிநிலையத்திலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் விலகினால் தளர்ந்துவிடும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. மேலும், பிபிபி தரும் ஆயம் உலகச் சட்டகத்தைச் சேர்ந்தது (சட்டகம் என்பது ஆயங்களை எண்ணுவதற்கான ஆதார அமைப்பு). ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. நகர்வதால், அங்கே 1994 சட்டகத்துக்கும் 2020 சட்டகத்துக்கும் ஏறத்தாழ 1.8 மீட்டர் வேறுபாடு உண்டு. எந்தச் சட்டகம், எந்த ஆண்டு என்று எழுதாத ஆயத்தை அடிநிலையத்தில் இடாதீர்கள்.

கேள்வி: என் அடிநிலைய ஆயம் சரியா என்று எப்படி அறிவது?

பதில்: முன்பே ஆயம் தெரிந்த வேறொரு புள்ளிக்குச் சென்று அளந்து பாருங்கள். மேலே இருவருக்குச் சொன்னதே உங்களுக்கும்: திரையில் தோன்றும் எண்ணைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.