பொதுப் பூங்காவில் கடைத்தொகுதி கட்டுவதை ஊர்மக்கள் தடுக்க முடியுமா?

ஊர்ப் பூங்காவின் ஒரு பகுதியைக் கடைத்தொகுதி கட்டக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடுக்கலாம். வன்னியில் எங்கள் ஊரில் தடுத்திருக்கிறோம். ஆனால் பதாகை பிடித்துக்கொண்டு உள்ளூராட்சி சபை வாசலில் நிற்பதற்கு முன்னால், அந்தக் காணி யாருடையது, எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மகஜர் கொடுத்தபோது, அது சும்மா கிடக்கும் அரச காணி, பூங்கா என்று எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் காணியின் கடதாசிகளைத் தேடத் தொடங்கினோம்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தேடல் கொஞ்சம் கடினம். 2008, 2009 இடப்பெயர்வுகளில் சனத்தின் காணி உறுதிகளோடு அலுவலகக் கோப்புகளும் நிறையவே அழிந்துவிட்டன. அதனால் ஓரிடத்தில் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இல்லாதது நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தில் இருக்கலாம், அங்கும் இல்லாவிட்டால் சபையின் பழைய கூட்டக் குறிப்புகளில் இருக்கலாம். எங்களுக்கு வரைபடத்தில்தான் கிடைத்தது. கூடவே, அந்த இடம் எப்போதிருந்து பொதுவாக இருக்கிறது என்று தெரிந்த முதியவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்கி வைத்தோம்.

கேட்டும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பொதுவாகக் கேட்காமல், சபைத் தீர்மானத்தின் பிரதி, கேள்வி (டெண்டர்) அறிவித்தல், குத்தகை வரைவு, வரைபட இலக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சபையில் யாராவது "அபிவிருத்திதானே" என்றால், பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கைச் சொல்லுங்கள். பொதுத் தேவைக்கென்று எடுத்த காணி தனியாரின் கோல்ஃப் மைதானத்துக்குப் போனது. 2008 ஒக்டோபரில் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகாவையே 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. பொதுச் சொத்தை ஆட்சியில் இருப்பவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. எங்கள் சபை உறுப்பினர்கள் சிலர் இதைக் கேட்ட பிறகுதான் எங்களோடு உட்கார்ந்து கதைத்தார்கள்.

இன்னொன்று, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்: கடை கேட்பவர்களை எதிரியாக்காதீர்கள். வீதியோரத்தில் தகரக் கொட்டிலில் வியாபாரம் செய்கிறவர்களும் எங்கள் சனம்தான், அவர்களுக்கு உண்மையிலேயே நல்ல கடை வேண்டும். நாங்கள் வர்த்தகர் சங்கத்தோடு பேசி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சபைக் காணியை மாற்று இடமாக எழுதிக் கொடுத்தோம். அவர்களும் மகஜரில் கையெழுத்து வைத்தார்கள். மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம் எல்லாம் முன்பே வந்திருந்தும் அசையாத திட்டம், அதற்குப் பிறகுதான் கைவிடப்பட்டது. கச்சான் காற்றும் வெயிலும் போட்டு வறுக்கிற மாதங்களில் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் காசு கொடுக்காமல் நிழலில் இருக்க எங்கள் ஊரில் வேறு இடமே இல்லை. போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற மண்ணில் அது சின்ன விஷயமில்லை.

வழக்குக்குப் போவதென்றால் தாமதிக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் மனுவைப் பொதுவாக 1 மாதத்துக்குள் போட வேண்டும், ஆகவே சபை தீர்மானம் எடுத்த திகதியை இன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொண்டு, மகஜருக்குப் பதில் வரும்வரை பார்த்திருக்காமல் ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.