விடியலில் செத்துக் கிடக்கும் குஞ்சுகள்: மருந்துக்கு முன் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: ஒருநாள் கோழிக்குஞ்சு 50 வாங்கி ஆறு நாளாகிறது. பகலில் ஓடித் திரிகின்றன. விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு மூன்று செத்துக் கிடக்கின்றன. சிலவற்றின் பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. மழைக்காகக் கொட்டிலைச் சுற்றித் தறப்பாள் கட்டி, ஒரு எல்.இ.டி. குமிழ் போட்டிருக்கிறேன். என்ன மருந்து கொடுக்கலாம்? (ஒட்டுசுட்டான்)

பதில்: இப்போதைக்கு மருந்து வேண்டாம். பகலில் உசாராக நின்று இரவில் சாகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளிரைத்தான். எல்.இ.டி. குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. இறகு முளைக்கும் வரை, அதாவது மூன்று நான்கு கிழமைக்கு, குஞ்சால் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. மார்கழி வாடைக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கும். அடியில் அகப்பட்டது மூச்சு முட்டிச் சாகும். எச்சம் ஒட்டுவதும் பெரும்பாலும் குளிர் பட்டதாலேயே. இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுத்தால் தோல் கிழியும்.

தகரத்தாலோ மட்டையாலோ 1½ அடி உயரத்தில், 5 அடி விட்டத்தில் வட்டமாக அடையுங்கள். மூலை இருந்தால் அங்கேதான் போய் நெரியும். பழைய இழைக் குமிழ் 60 வோட்ஸில் இரண்டை, நிலத்திலிருந்து 1½ அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒன்று எரிந்து போனாலும் மற்றது இருக்கும். முதற்கிழமை 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். குமிழுக்குக் கீழ் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவிப் படுத்திருந்தால் சரி. இரவு பத்து மணிக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள்.

கறண்ட் போனால் போத்தல்களில் சுடுநீர் நிரப்பிச் சாக்கால் சுற்றி உள்ளே வையுங்கள். தறப்பாளால் மூடிய கொட்டிலில் கரிச்சட்டி வைப்பது ஆபத்து, நச்சுவாயு மொத்தக் குஞ்சையும் கொன்றுவிடும். தறப்பாளையும் நாலு பக்கமும் இறுக்காதீர்கள். வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை மறைத்து, மற்றப் பக்கங்களில் மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். இல்லையேல் ஈரமும் எச்ச நெடியும் உள்ளேயே தங்கும்.

நிலத்தில் காய்ந்த உமி 2 அங்குலம் வேண்டும். நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி மாற்றுங்கள். ஈர உமிதான் மூன்றாம் கிழமைக்குப் பிறகு வரும் இரத்தக் கழிச்சலுக்கு வாசல். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு விழுந்து நனையாது. தீனுக்கு அரிசிக் குருணல் மட்டும் போதாது. புரதம் குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். குஞ்சுத்தீன் வாங்குங்கள், இந்த வயதில் 50 குஞ்சுக்கு நாளைக்கு அரைக் கிலோ அளவில்தான் போகும்.

சூடு சரியாகி இரண்டு நாள் கழிந்தும் செத்தால், தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வந்த சல்மொனெல்லாக் கிருமியாக இருக்கலாம். அன்று செத்த குஞ்சைப் பொலித்தீனில் கட்டி, ஐஸ் வைத்து, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். அங்கேயே ரணிகெட் என்ற கோழித் தொற்றுநோய்க்கான தடுப்பு மருந்துக்கும் கேளுங்கள். வழமையாக முதற்கிழமையில் கண்ணில் ஒரு துளி விடுவார்கள். உங்கள் குஞ்சுகளுக்குச் சாவு நின்று தேறிய பிறகே விட வேண்டும். மருந்தை ஐஸிலேயே கொண்டு வந்து, கரைத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.