900 ரேட்டிங்காரர் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடுகிறாரே?

கேள்வி: எனக்கு வயது 54. பள்ளிக்கூடத்தில் ஆடிய செஸ்ஸை இப்போது கைபேசியில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். செஸ்.காம் தளத்தில் என் ரேபிட் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 900-ஐ ஒட்டியே நிற்கிறது. அதே 900 போட்டிருக்கும் சிலர் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடி, 15 நகர்த்தலுக்குள் என்னை முடித்துவிடுகிறார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டா ஆடுகிறார்கள்? மாதாமாதம் பணம் கட்டினால் 1500-க்கு ஏற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். சேரலாமா? (வாசகர், மதுரை)

பதில்: சேர வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். 15 நகர்த்தலில் தோற்கிறீர்கள் என்றால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் ஓபனிங், அதாவது தொடக்க நகர்த்தல்கள் மேல்தான். 900 மட்டத்தில் அதிகம் பேரைக் காவு வாங்கும் பொறி ஒன்று உண்டு. நீங்கள் கறுப்பு. இருவரும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள். ஆளுக்கொரு குதிரை வெளியே வருகிறது. அவர் பிஷப்பை சி4 கட்டத்தில் வைக்கிறார், நீங்கள் இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறீர்கள். உடனே அவர் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. நீங்கள் டி5-க்குச் சிப்பாயைத் தள்ள, அவர் வெட்ட, நீங்கள் குதிரையால் திருப்பி வெட்டுகிறீர்கள். அங்கேதான் மாட்டினீர்கள். அவர் குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்து, ராணியால் செக் வைத்து, உங்கள் ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துவிடுவார். இதற்கு ஃபிரைட் லிவர் என்று பெயர். பத்து வயதுப் பையன்கூட மனப்பாடமாக வைத்திருப்பான். குதிரையால் திருப்பி வெட்டாதீர்கள். சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி அவர் பிஷப்பைத் துரத்துங்கள். ஒரு சிப்பாய் குறையும், ஆட்டம் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, அந்த 900 என்ற எண்ணையே அப்படியே நம்பக் கூடாது. புதிதாகச் சேருபவர் தன் மட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம், யாரும் சரிபார்ப்பதில்லை. நன்றாக ஆடுபவர் 'ஆரம்ப நிலை' என்று தட்டிவிட்டு உள்ளே வந்தால், தன் உண்மையான இடத்துக்கு ஏறும்வரை வழியில் நிற்கும் உங்களைப் போன்றவர்கள்தான் அடி வாங்க வேண்டும். பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டமும், அதைவிட நிதானமான ரேபிடும் தனித்தனிக் கணக்கு என்பதால், பிளிட்ஸில் 1600 உள்ளவர்கூட ரேபிடில் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார். தோற்றதும் எதிராளியின் பக்கத்தைத் திறந்து எப்போது சேர்ந்தார், எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார், மற்ற ரேட்டிங் என்ன என்று பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழும். லிசெஸ் என்ற இன்னொரு செஸ் தளத்தில் எல்லாருக்கும் தொடக்கமே 1500, நிலைப்படும்வரை எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். அந்த எண்ணையும் செஸ்.காம் எண்ணையும் ஒப்பிட வேண்டாம். இன்னொன்று, ரேட்டிங்கில் உங்களைவிட 200 குறைந்தவர்கூட, உங்களோடு ஆடும் ஆட்டங்களின் புள்ளியில் கணக்குப்படி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை எடுப்பார். தோற்பதெல்லாம் மோசடி ஆகாது.

மோசடி இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆன நேரத்தைப் பாருங்கள். வெட்டிய காயைத் திருப்பி வெட்ட ஏழு நொடி, மூளையைக் கசக்கும் நகர்த்தலுக்கும் அதே ஏழு நொடி, முழு ஆட்டமும் இப்படியே போனால் புகார் பொத்தானை அழுத்துங்கள். பிடிபட்டால் உங்கள் புள்ளி திரும்ப வரும். ஆனால் என்ன விசாரித்தார்கள் என்று உங்களுக்கு விவரமாகச் சொல்லமாட்டார்கள், கணக்கு மூடப்பட்ட ஆள் இன்னொரு மின்னஞ்சலோடு திரும்பி வருவதும் நடக்கிறது. 2021 ஜூனில் ஒரு நன்கொடை ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்தையே ஒரு தொழிலதிபர் வென்றார். கம்ப்யூட்டர் உதவி இருந்ததை மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். கணக்கை முடக்கினார்கள், அப்புறம் திறந்தும் விட்டார்கள். ஆனந்துக்கே இதுதான் கதி என்றால் மதுரைக்காரர் புகாருக்கு எவ்வளவு வேகம் இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள், இதில் வரும் சண்டைகள் ஏராளம். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் கொடுக்கும் 'டெய்லி' ஆட்டத்தில் ஓபனிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட அனுமதி உண்டு. பழைய ஆட்டங்களின் தொகுப்பையும் பார்க்கலாம். நகர்த்தலைக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரலான எஞ்சின்தான் கூடாது. அதனால் டெய்லியில் ஒருவர் முதல் பன்னிரண்டு நகர்த்தலைப் பிசகில்லாமல் ஆடினால் அது மோசடி இல்லை, நீங்களும் அப்படியே செய்யலாம். ஆனால் அந்தச் சலுகை ரேபிடில் கிடையாது, பிளிட்ஸிலும் கிடையாது. அங்கே பக்கத்தில் புத்தகம் விரித்திருந்தால் நீங்கள்தான் விதியை மீறியவர்.

இப்போது அந்த வாட்ஸ்அப் ஆள். ரேட்டிங்கை 'ஏற்றித் தருகிறேன்' என்பவர் பெரும்பாலும் உங்கள் ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்பார். உங்கள் பெயரில் அவரே உட்கார்ந்து ஆடுவார், அல்லது எஞ்சினை ஆடவிடுவார். அந்த நாட்களில் இன்னொரு 900-காரர் உங்கள் பெயரைப் பார்த்து 'இவர் என்ன கிராண்ட்மாஸ்டரா' என்று குழம்பிக்கொண்டிருப்பார். மாட்டினால் மூடப்படுவது உங்கள் கணக்கு, அவர் அடுத்த எண்ணுக்குச் செய்தி அனுப்பப் போய்விடுவார். மாட்டாவிட்டாலும் 1500-இல் உங்களை இறக்கிவிட்டால் அங்கே உள்ளவர்கள் வாரக்கணக்கில் உங்களைப் பிழிந்து 900-க்கே அனுப்புவார்கள். 'மூன்று மாதத்தில் ஃபிடே ரேட்டிங் உத்தரவாதம்' என்று பெற்றோரிடம் வசூலிக்கும் கூட்டமும் இதே ரகம். ஃபிடே என்பது உலகச் செஸ் கூட்டமைப்பு, அதன் ரேட்டிங் நேரில் பலகையில் ஆடிக் கிடைப்பது. 2024 மார்ச்சிலிருந்து அந்தப் பட்டியலே 1400-இல்தான் தொடங்குகிறது. உத்தரவாதம் தர யாராலும் முடியாது. தெருவுக்குத் தெரு அகாடமி பலகை மாட்டுகிறார்கள், கற்றுக்கொடுக்கத் தகுதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பணம் கட்டியே கற்க வேண்டுமென்றால், நீங்கள் தோற்ற ஆட்டங்களை உங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தயாராக உள்ளவரிடம் கட்டுங்கள். அதுவரை 10 நிமிட ஆட்டத்தை விட்டு, 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 நொடிக் கூடுதலும் உள்ள ஆட்டத்துக்கு மாறுங்கள். வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.