துணைப் பயிற்சியாளர் என்னதான் செய்கிறார்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய கேள்வி பதில்

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சி முழுக்கக் கல்லூரிக் கூடைப்பந்துதான். தலைமைப் பயிற்சியாளரின் முகம் திரையில் வந்து வந்து போகும். அவருக்குப் பக்கத்தில் கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் ஆடும் பல்கலைக்கழகம் ஒன்றின் வீடியோ அறையில் சில சீசன்கள் வேலை பார்த்தவன் என்பதால் அந்த மனிதர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வந்த கேள்விகளுக்கு அந்த மரியாதையோடுதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): சார், ஆட்டத்தின்போது துணைப் பயிற்சியாளர்கள் கைதட்டுவதையும் நடுவரிடம் முறைப்பதையும்தான் பார்க்கிறேன். உண்மையில் அவர்களுக்கு என்ன வேலை?

பதில்: ஆட்டம் தொடங்குவதற்குள் அவர்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். சீசனில் வரப்போகும் எதிரணிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். 'இது உன் ஸ்கவுட்' என்று சொல்லிவிட்டால் அந்த ஆட்டத்துக்கான தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. எதிரணி கடைசியாக ஆடிய நாலைந்து ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த வீரர் எப்போதும் இடது பக்கமே போகிறார், யாரை மூலையில் தனியாக விடக் கூடாது, அவர்களுடைய பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், முஷ்டியை உயர்த்தினால் என்ன செட் (முன்பே திட்டமிட்ட நகர்வு) வரும், எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும்போது யார் யாருக்கு ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது குறுக்கே நின்று வழி செய்து கொடுக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அத்தனையையும் வெட்டி ஒட்டி, கடைசியில் வீரர்களுக்குக் காட்டுவது பத்துப் பன்னிரண்டு நிமிட வீடியோதான். அதற்கு மேல் போனால் பத்தொன்பது வயதுப் பையன் மனதில் எதுவும் நிற்காது. அப்புறம் மாற்று வீரர்களை எதிரணி மாதிரியே ஆடவைத்து, முதல் ஐந்து பேரைத் தடுத்துப் பழக வைக்க வேண்டும்.

எதிரணி கார்டு முஷ்டியைத் தூக்கியவுடன் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கத்துவதைக் கவனித்திருப்பீர்கள். அன்றைய ஸ்கவுட் அவருடையது. 'இவரால் ஆபத்தில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்த ஆள் அடுத்தடுத்து மூன்று த்ரீ பாயின்டர் போட்டுவிட்டால், பெஞ்சில் எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பும்.

இது பாதி வேலை. மீதிப் பாதி ரெக்ரூட்டிங், அதாவது பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது. முன்பெல்லாம் ஓர் அணிக்கு மூன்று துணைப் பயிற்சியாளர்கள்தான். 2023 ஜூலையில் கூடுதலாக இரண்டு பேருக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த இருவரும் மைதானத்தில் பயிற்சி தரலாம், வளாகத்துக்கு வெளியே ரெக்ரூட்டிங்குக்குப் போகக் கூடாது என்று அப்போதே கட்டுப்பாடும் போட்டது. இந்த வேலையில் எந்தப் பாதிக்கு மதிப்பு அதிகம் என்பது அந்த விதியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (டல்லாஸிலிருந்து ஒரு மாணவர்): அண்ணா, ஜூலையில் பீச் ஜாம் போட்டி பார்க்கப் போனேன். பெரிய பெரிய கோச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருத்தரும் எந்தப் பையனிடமும் பேசவில்லையே, ஏன்?

பதில்: பேசக் கூடாது, தம்பி. சவுத் கரோலைனாவில் நார்த் அகஸ்டா என்ற சின்ன ஊரில் நைக்கி நடத்தும் அந்தப் போட்டிக்கு நாட்டின் முக்கியமான கோச்சுகள் எல்லோரும் வருவார்கள். ஆனால் என்சிஏஏ ஆண்டையே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நேரில் போய்ப் பேசலாம் என்று ஒரு காலம், தூரத்திலிருந்து பார்க்க மட்டும் செய்யலாம் என்று ஒரு காலம், பையன் கல்லூரி வளாகத்துக்கு வந்தால் மட்டுமே சந்திக்கலாம் என்று ஒரு காலம், நேரில் சந்திக்கவே கூடாது என்று ஒரு காலம். நீங்கள் போனது பார்க்க மட்டும் அனுமதி உள்ள நாட்களில். ஆண்கள் கூடைப்பந்தில் போன் பேசுவதற்கும் செய்தி அனுப்புவதற்கும்கூட, பையன் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும்.

பேச முடியாது என்றால் எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? பையன் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான். பல்கலைக்கழகச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டோடு, காலை எட்டு மணி ஆட்டத்துக்கும், ஓரத்துக் கோர்ட்டில் நடக்கும் ஆட்டத்துக்கும் தவறாமல் வந்து உட்கார வேண்டும். எந்தக் கோச் வந்தார், யார் பாதியில் எழுந்து போனார் என்று பையனின் அம்மா கணக்கு வைத்திருப்பார்.

கோச் பார்ப்பதும் பந்து கூடையில் விழுகிறதா என்பதை மட்டுமில்லை. அதைப் புள்ளி விவரத்தில் படித்துக்கொள்ளலாம். பந்தைத் தவறவிட்டதும் பையன் திரும்பி ஓடுகிறானா, நடக்கிறானா? மாற்று ஆளாக வெளியே எடுத்தால் பெஞ்சில் எந்த ஓரத்தில் போய் உட்காருகிறான்? சக வீரன் விழுந்தால் கை கொடுத்துத் தூக்குகிறானா? நல்ல ரெக்ரூட்டரின் நோட்டில் இவைதான் இருக்கும். அதைவிட நுணுக்கமான வேலை, அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது. சில வீட்டில் அம்மா, சில வீட்டில் பாட்டி, சில வீட்டில் கோடைகால அணியின் கோச். அது தெரியாமல் வேறு ஒருவரிடம் ஒரு வருடம் பேசினாலும் பயனில்லை.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): மைக்கேல் ஜோர்டனைக் கண்டுபிடித்தது ஒரு துணைப் பயிற்சியாளர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஒருவர் இல்லை, இருவர். நார்த் கரோலைனாவின் வில்மிங்டனில் லேனி பள்ளியில் ஜோர்டன் ஆடிக்கொண்டிருந்தபோது, நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் துணைப் பயிற்சியாளராக இருந்த பில் கத்ரிட்ஜ் போய்ப் பார்த்தார். 1980 கோடையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முகாமுக்கு ஜோர்டன் வந்தபோது அவரைப் பார்த்து அசந்துபோனவர் இன்னொரு துணைப் பயிற்சியாளர், ராய் வில்லியம்ஸ். அதே கோடையில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஃபைவ் ஸ்டார் முகாமுக்கு ஜோர்டன் போனதிலும் வில்லியம்ஸின் பங்கு உண்டு. அங்கே போன பிறகு நாடே ஜோர்டனைத் தெரிந்துகொண்டது. 1982 தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் நார்த் கரோலைனாவுக்காக ஜார்ஜ்டவுனுக்கு எதிராக வெற்றிக் கூடையைப் போட்டது அந்தப் பையன்தான்.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. 1978-ல் ராய் வில்லியம்ஸ் அந்த வேலைக்கு வந்தபோது அவருடைய ஆண்டுச் சம்பளம் 2,700 டாலர். குடும்பம் நடத்த அணியின் காலண்டர்களை ஊர் ஊராக விற்றார். டீன் ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் எடுத்துப்போய் மாநிலத்தின் தொலைக்காட்சி நிலையங்களில் கொடுத்துவிட்டு வருவார். பின்னாளில் தலைமைப் பயிற்சியாளராக அதே பல்கலைக்கழகத்துக்கு 2005, 2009, 2017 என மூன்று தேசிய சாம்பியன் பட்டங்களை வாங்கிக் கொடுத்தார்.

கேள்வி (மதுரை வாசகர்): சம்பளம் இன்னமும் அப்படித்தானா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது தங்களுக்குள் ஆடும் பெரிய கல்லூரிக் குழுக்களில், லட்சக்கணக்கான டாலர் வாங்குபவர்கள் உண்டு. டிவிஷன் ஒன்னிலேயே அடிமட்டத்தில் வாடகைக்குத் திண்டாடுபவர்களும் உண்டு. ஆனால் இந்த வேலைக்குக் கிடைக்கும் மரியாதையைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று 1991-ல் என்சிஏஏ ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வோர் அணியிலும் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. கல்லூரி மாதங்களுக்கு 12,000, கோடைக்கு 4,000. தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். சம்பளத்தைக் கூட்டாக நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 1999-ல் 54.5 மில்லியன் டாலர் கொடுத்து என்சிஏஏ சமாதானமானது. இன்று மாணவ வீரர்களுக்குப் பணம் கிடைக்க வழிசெய்த வழக்குகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தத் துணைப் பயிற்சியாளர்கள் தொடுத்த வழக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கேள்வி (டொரான்டோ வாசகர்): கடைசிவரை துணைப் பயிற்சியாளராகவே இருந்துவிட்டால் அது தோல்வியா?

பதில்: இல்லவே இல்லை. கனெக்டிகட் பெண்கள் அணியில் 1985-லிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுடன் இருப்பவர் கிறிஸ் டெய்லி. 2025 வரை அந்த அணி வாங்கிய 12 தேசியப் பட்டங்களிலும் அவர் பங்கு இருக்கிறது. முன்னே சொன்ன பில் கத்ரிட்ஜ் டீன் ஸ்மித்துக்குப் பக்கத்தில் 30 ஆண்டு உட்கார்ந்திருந்தார். 1997-ல் ஸ்மித் திடீரென ஓய்வு பெற்றதும் பொறுப்பேற்று, மூன்றே சீசன்களில் இரண்டு முறை தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளில் ஒன்றாகத் தன் அணியைக் கொண்டுபோனார்.

நீண்ட காலம் துணைப் பயிற்சியாளராக இருந்த டாமி லாயிட்டின் கதையையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் கன்சாகா ஒரு சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அமெரிக்காவின் முதல் தர மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில் லாயிட் வெளிநாடுகளில் தேட ஆரம்பித்தார். பிரான்ஸின் ரோனி டூரியாஃப், கனடாவின் கெல்லி ஒலினிக், லிதுவேனியாவின் டொமான்டாஸ் சபோனிஸ், ஜப்பானின் ருய் ஹச்சிமுரா என்று அந்த அணிக்கு வந்து, தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போனவர்களின் வரிசை பெரிது. என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-ல் ஹச்சிமுரா ஒன்பதாவதாகத் தேர்வானார். ஜப்பானியர் ஒருவர் முதல் சுற்றில் தேர்வானது அதுவே முதல்முறை. இருபது ஆண்டு ஒரே இடத்தில் இருந்துவிட்டு 2021-ல் அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளரான லாயிட், முதல் சீசனிலேயே 33 வெற்றி, 4 தோல்வி. அவசரப்பட்டு ஊர் ஊராக மாறாமல் ஒரே இடத்தில் ஊன்றி நின்றதால்தான் வெளிநாட்டுக் கோச்சுகள் அவர் சொல்லை நம்பினார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி (சிகாகோ வாசகர்): 2017-ல் எஃப்பிஐ கைது செய்ததும் துணைப் பயிற்சியாளர்களைத்தானே?

பதில்: ஆமாம். அந்த செப்டம்பரில் ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, யூஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா) ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் துணைப் பயிற்சியாளர்கள் கைதானார்கள். வீரர்களைக் குறிப்பிட்ட ஏஜென்ட்டுகளிடமும் நிதி ஆலோசகர்களிடமும் அனுப்பிவைக்க லஞ்சம் வாங்கியதாக வழக்கு. நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கு மூன்று மாதச் சிறை, மற்ற இருவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர்கள் செய்தது தவறு, அதில் சந்தேகமே இல்லை. குடும்பங்கள் வைத்த நம்பிக்கையை விற்றார்கள். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்மீதும் குற்றவழக்கு வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எப்படியாவது அந்தப் பையனைக் கொண்டுவா' என்ற அழுத்தம் மேலிருந்து வருகிறது. மாட்டுவது கீழே இருப்பவர்.

கேள்வி (கலிபோர்னியா வாசகர்): இப்போது வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கிறார்கள். இனி ரெக்ரூட்டருக்கு என்ன வேலை?

பதில்: வேலை மாறியிருக்கிறது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது; கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இணையப் பட்டியல் அது. 2021-லிருந்து ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு சீசன் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2024-லிருந்து படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு தரலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். என்பிஏ மாதிரி ஜெனரல் மேனேஜர் பதவிகூட வந்துவிட்டது. பத்திரிகையாளர் ஏட்ரியன் வோஜ்நரோவ்ஸ்கி 2024-ல் தான் படித்த செயின்ட் பொனவென்சர் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பதவியில் போனார்.

முன்பு இரண்டு ஆண்டு பேசிப் பழகிச் சேர்த்தார்கள். இப்போது ஏப்ரலில் சில நாட்களில் முடிவாகிறது, போனில் எதிர்முனையில் ஏஜென்ட் இருக்கிறார். ஆனாலும் பழைய உறவு செத்துவிடவில்லை. பள்ளியில் இருக்கும்போது 'உங்கள் கல்லூரி வேண்டாம்' என்று சொன்ன பையனிடம் கோபப்படாமல் வாழ்த்துச் சொல்லி அனுப்பிய கோச்சுக்கு, அதே பையன் போர்ட்டலில் பெயர் கொடுத்த அன்று முதல் போன் வருகிறது. பணம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே முடிவு செய்வது அந்த நினைவுதான்.

கேள்வி (ஒஹையோவிலிருந்து முதுகலை மாணவர்): நான் பெரிதாக விளையாடியவன் இல்லை. இந்தத் துறைக்குள் வர முடியுமா?

பதில்: முடியும். மாணவ மேனேஜராகச் சேருங்கள். பந்து துடைப்பது, துணி மடிப்பது, வீரர் இரவில் பயிற்சி செய்யும்போது பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது என்று ஆரம்பிக்கும். அங்கிருந்து வீடியோ அறை, கிராஜுவேட் அசிஸ்டன்ட் (முதுகலை படித்துக்கொண்டே உதவியாளர்), அப்புறம் ஆபரேஷன்ஸ், அதாவது அணியின் நிர்வாகப் பொறுப்பு. லாரன்ஸ் ஃபிராங்க் இந்தியானாவில் பாபி நைட்டிடம் மாணவ மேனேஜராக இருந்தவர். 2004-ல் என்பிஏ அணியான நியூ ஜெர்சி நெட்ஸுக்குப் பொறுப்பேற்று முதல் 13 ஆட்டங்களையும் வென்றார். மாணவர் விசாவில் இருப்பவர் என்றால், எந்த வேலையையும் ஏற்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு தாய்): மகள் ஒன்பதாம் வகுப்பு, மாநில அணிக்கு ஆடுகிறாள். அமெரிக்கக் கோச்சுகள் இங்கே பார்ப்பார்களா?

பதில்: பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், அம்மா. பஞ்சாபின் ஹர்சிம்ரன் கௌர் சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அமான் சந்து மான்மவுத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இருவரும் என்பிஏ அகாடமி வழியாகப் போனவர்கள். மகளின் மதிப்பெண்களை இப்போதிருந்தே கவனியுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான முக்கியப் பாடங்களை என்சிஏஏ கணக்கில் எடுக்கும். கூடை போட்ட காட்சிகளை மட்டும் ஒட்டிய வீடியோ போதாது, வெட்டாத முழு ஆட்டம் ஒன்றும் அனுப்புங்கள். நிச்சயம் இடம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி (அட்லான்டாவிலிருந்து ஒரு தந்தை): ஒரு துணைப் பயிற்சியாளர் ஒரு வருடமாக வாரம் தவறாமல் என் மகனோடு பேசுகிறார். குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். அவரை நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: அவர் அன்பு உண்மையாகவே இருக்கலாம், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவருடைய வேலை அவர் கையில் இல்லை. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் பெரும்பாலும் மொத்தக் குழுவும் வெளியே போகும். நல்ல பெயர் எடுத்தால் வேறு கல்லூரி கூப்பிடும். அதனால் முகத்துக்கு நேராகவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மீதி? மகனின் அதே இடத்துக்கு இந்த வசந்தத்தில் போர்ட்டலிலிருந்து ஆள் எடுப்பீர்களா? நீங்கள் போய்விட்டால் இந்தக் குழுவில் என் மகனோடு யார் பேசுவார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆளோடும் மகனை இப்போதே பேசவையுங்கள். தலைமைப் பயிற்சியாளர் நேரில் மகனிடம் என்ன சொன்னார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.